தோட்டக் கருவியும் ஆலைத் தராசும் பேச வேண்டும்: நெறிமுறை ஸ்பெக்கை எந்த வடிவில் எழுதலாம்?

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கும் ஆலைகளுக்கும் சின்னச் சின்னக் கருவிகள் செய்துகொடுக்கும் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு குழு, பிளாட்பாரத்தில் அடுக்கிய குலைகளை எண்ணிப் பதியும் கைக்கருவி செய்கிறது. இன்னொரு குழு, ஆலை வாசலில் உள்ள லோரித் தராசுக்கு மென்பொருள் எழுதுகிறது. இரண்டும் பேசிக்கொள்ள ஒரு நெறிமுறை (புரோட்டோகால்) வேண்டும், அதற்கு ஸ்பெக், அதாவது விதிகளை எழுதிய ஆவணம், கொடு என்கிறது தோட்ட நிர்வாகம். "பத்தி பத்தியா எழுதிக் கொடுத்தா போதுமாண்ணே? இல்ல ஏதாவது முறையான குறியீட்டு மொழியில எழுதணுமா? எழுதின நிரல் கோடையே கொடுத்துட்டா அது ஸ்பெக் ஆகாதா?"

மூன்றுமே நடப்பில் இருக்கும் வழிகள்தான்; குறியீட்டு மொழியை வடிவத்துக்கு ஒன்று, நடத்தைக்கு ஒன்று என்று பிரித்தால் நான்கு. எது நமக்குப் பொருந்தும் என்பது ஸ்பெக்கை யார் படிக்கப் போகிறார், எது தவறினால் யாருக்கு நட்டம் என்பதைப் பொறுத்தது. கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்.

கைக்கருவி ஒரு சீட்டை அனுப்புகிறது: டிவிஷன், பிளாக் எண், குலை எண்ணிக்கை, நேரம், லோரி எண். தோட்டத்தின் உட்பகுதியில் சிக்னல் கிடையாது. கருவி சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்து, மெயின் ரோட்டுக்கு வந்ததும் அனுப்பும். ஆலை சர்வர் 'கிடைத்தது' என்று பதில் தரும். அந்தப் பதில் வழியில் தொலைந்தால் கருவி மறுபடி அனுப்பும். இங்கேதான் வினை. ஒரே சீட்டு இரண்டு முறை பதிவானால் கணக்கு வீங்கும். பதிவாகாமலே போனால் வெட்டுக்காரருக்கு அன்றைய கூலியில் துண்டு விழும். மாதக் கடைசியில் கிராணி (தோட்டக் கணக்கர்) மேசைக்கு முன்னால் நடக்கும் சண்டையின் வேர், ஸ்பெக்கில் எழுதாமல் விட்ட ஒரு வரியாக இருக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

அறிமுகமில்லாதவர் சோதனை. உங்களோடு ஒரு வார்த்தையும் பேசாத ஒருவர், ஸ்பெக்கை மட்டும் வைத்துக்கொண்டு 'பாஸ், ஃபெயில்' என்று முடிவு சொல்லும் சோதனையை எழுத முடிகிறதா? என் கணக்கில் இதற்குத்தான் பாதி மதிப்பெண்.

கெட்ட பாக்கெட் (பிழையான செய்தி). நல்ல சீட்டு வந்தால் என்ன செய்வது என்று எல்லாரும் எழுதுவார்கள். பாதியில் அறுந்த சீட்டு, மைனஸ் குலை எண்ணிக்கை, நாளைய தேதி போட்ட சீட்டு வந்தால்?

படிப்பவர். தராசு மென்பொருள்காரர் பினாங்கிலோ ஷா ஆலாமிலோ இருப்பார். தோட்ட நிர்வாகமும் ஒருமுறை படித்துக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

திருத்தச் செலவு. இரண்டு வருடம் கழித்துச் சீட்டில் 'உதிரிப் பழம்' என்று ஒரு புலம் சேர்க்கச் சொல்வார்கள். அப்போது எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்?

## வழி 1: எண் போட்ட உரைநடை

இணைய நெறிமுறைகளில் பெரும்பாலானவை இன்றும் உரைநடையில்தான் எழுதப்படுகின்றன. அந்த உரைநடைக்குப் பல் முளைத்தது, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பிடமிருந்து ஆர்எஃப்சி என்ற எண் போட்ட ஆவண வரிசையில் 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119ஆல். மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (தக்க காரணம் இருந்தால் மட்டும் மீறலாம்), மே (விருப்பம்) ஆகிய சொற்களுக்குத் தனித்தனியே என்ன கனம் என்று அது வரையறுத்தது. பெரிய எழுத்தில் வரும்போது மட்டுமே அந்தக் கனம் என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. பலர் மறந்துவிடும் ஓர் அறிவுரையும் 2119இல் உண்டு: இந்தச் சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்து, இரு தரப்பும் ஒத்துப்போகவோ கேட்டைத் தடுக்கவோ தேவையான இடத்தில் மட்டும் போடு.

நல்ல முன்மாதிரி வேண்டுமென்றால் எம்க்யூடிடி 3.1.1ஐ எடுத்துப் பாருங்கள். 2014இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பு வெளியிட்டது. தோட்டத்துச் சென்சார் வேலை செய்கிற எவருக்கும் பழக்கமான நெறிமுறை. அதில் ஒவ்வொரு கட்டாய வாக்கியத்துக்கும் தனி எண் இருக்கிறது; கடைசியில் அத்தனையையும் ஒரே பட்டியலாகத் திரட்டியும் கொடுத்திருக்கிறார்கள். சோதனை எழுதுபவர் பட்டியலைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகலாம். 1989இல் வந்த ஆர்எஃப்சி 1122கூட ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் இப்படி ஓர் அட்டவணை வைத்திருந்தது. எண் போடுவதற்குக் காசு ஆகாது. ஆனாலும் நம் ஊர் ஸ்பெக்குகளில் அதைக் காண்பது அரிது.

எண் மட்டும் போதாது, வாக்கியமும் தாங்க வேண்டும். "பதில் வராவிட்டால் சீட்டு உரிய நேரத்தில் மறுபடி அனுப்பப்படும்" என்பதை எப்படிச் சோதிப்பது? உரிய நேரம் என்றால் எவ்வளவு? அனுப்புவது யார்? எத்தனை முறை? 'அனுப்பப்படும்', 'நிராகரிக்கப்படும்' என்று எழுதிய இடமெல்லாம் செய்பவர் ஒளிந்துகொள்கிறார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

*ச-14: பதில் 5 விநாடிக்குள் வராவிட்டால், கருவி அதே சீட்டு எண்ணோடு மறுபடி அனுப்பியே ஆக வேண்டும்.*
*ச-15: ஒரே இணைப்பில் ஒரு சீட்டைக் கருவி 4 முறைக்கு மேல் அனுப்பக் கூடாது.*
*ச-16: ஏற்கெனவே பதிவான சீட்டு எண் மறுபடி வந்தால், சர்வர் புதிதாகப் பதியாமல் 'கிடைத்தது' என்றே பதில் தர வேண்டும்.*

மூன்று வரி, மூன்று சோதனை. ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கட்டாயத்தைத் திணித்தால், சோதனை தோற்கும்போது எது தோற்றது என்று தெரியாது.

மறைந்திருக்கும் செலவு 'ஷுட்'டில் இருக்கிறது. தயக்கம் வரும் இடத்திலெல்லாம் அதைப் போட்டுவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது. எப்போது மீறலாம், மீறினால் எதிர்த்தரப்பு எதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று அடுத்த வரியில் எழுத முடியாவிட்டால் அந்த 'ஷுட்'டைத் தூக்கிவிடுங்கள்.

இன்னொன்று: வாக்கியம் சரியாக இருந்தாலே எல்லாம் சரியாகிவிடாது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலில் இருந்து 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் பாதுகாப்பு ஓட்டையை நினைத்துப் பாருங்கள். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹார்ட்பீட் நெறிமுறையை வகுத்த ஆர்எஃப்சி 6520, நீளப் புலத்தில் சொன்ன அளவு மிகப் பெரிதாக இருந்தால் அந்தச் செய்தியைச் சத்தமில்லாமல் கைவிட வேண்டும் என்று 2012லேயே 'மஸ்ட்' போட்டுச் சொல்லியிருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் அந்த அளவைச் சரிபார்க்கவே இல்லை. பொய் நீளத்தோடு ஒரே ஒரு செய்தியை அனுப்பிப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். சோதிக்கத்தக்க வாக்கியம் ஒன்று, சோதித்த வாக்கியம் வேறொன்று.

## வழி 2: இலக்கணம் அல்லது ஸ்கீமா

இங்கே செய்தியின் வடிவத்தை இயந்திரம் படிக்கும் மொழியில் எழுதுகிறோம். எழுத்து வடிவச் செய்திகளுக்கு ஏபிஎன்எஃப் (ஆர்எஃப்சி 5234, 2008). கைப்பேசிக் கட்டமைப்பிலும் டிஜிட்டல் சான்றிதழ்களிலும் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் ஏஎஸ்என்.1. ஜேசன், சிபார் வகைத் தரவுக்கு சிடிடிஎல் (ஆர்எஃப்சி 8610, 2019). நிரலாளர்கள் பலருக்குப் பழகிய புரோட்டோபஃப்.

பலன் கண்ணுக்குத் தெரியும். ஸ்கீமாவிலிருந்து பார்சரை (செய்தியைப் பிரித்துப் படிக்கும் நிரலை) உருவாக்கலாம், தாறுமாறான பாக்கெட்டுகளை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்து சர்வர்மேல் வீசலாம். கெட்ட பாக்கெட் அளவுகோலில் பாதியை இது தானாகவே தாண்டும்: வடிவம் தவறினால் இயந்திரமே சொல்லிவிடும். புதுப் புலம் சேர்ப்பதும் ஒரே கோப்பில் முடியும்.

ஆனால் இலக்கணம் வடிவத்தை மட்டுமே சொல்லும். எப்போது அனுப்புவது, பதில் வராவிட்டால் என்ன, ஒரே சீட்டு இரண்டு முறை வந்தால் என்ன என்பதெல்லாம் அதற்கு வெளியே நிற்கும். ஸ்கீமா இருக்கிறதே என்ற தெம்பில் இவற்றை எழுதாமல் விட்டுவிடுவதுதான் உண்மையான ஆபத்து. மொழிக்கே உரிய சிறு பொறிகளும் உண்டு. ஏபிஎன்எஃப்பில் மேற்கோளுக்குள் எழுதும் சொல் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டையும் ஏற்கும். இது தெரியாமல் எழுதியவர்கள் ஏராளம். மேற்கோள் சொல்லிலேயே பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று கறாராகக் குறிக்கும் வழி 2014இல் ஆர்எஃப்சி 7405இல்தான் வந்தது; அதற்கு முன் எழுத்துகளின் எண் மதிப்பை எழுத வேண்டியிருந்தது.

வடிவத்தை அரைகுறையாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஆலைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது: மாட்பஸ். 1979இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்த இந்த நெறிமுறை இன்றும் கொதிகலன் அறை முதல் தராசு இண்டிகேட்டர் வரை ஓடுகிறது. 16 பிட் ரெஜிஸ்டருக்குள் (எண் வைக்கும் பெட்டிக்குள்) எந்த பைட் முதலில் என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் இரண்டு ரெஜிஸ்டரைச் சேர்த்து 32 பிட் எண் ஆக்கும்போது எந்தப் பாதி முதலில் என்பதை அது வரையறுக்கவில்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்குத் தோன்றியபடி செய்தார்கள். 28,460 கிலோ லோரியைப் பாதிகளை மாற்றிப் படித்தால் 1,86,51,54,560 கிலோ என்று வரும். இவ்வளவு பெரிய பிழை நல்ல பிழை, உடனே கண்ணில் படும். எதிர்பார்க்கும் எல்லைக்குள்ளேயே விழுகிற தப்பு எண்தான் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

## வழி 3: நிலை அட்டவணையும் மாடலும்

மறு அனுப்பல், டைம் அவுட், பாதியில் அறுதல் இவை உள்ள எந்த நெறிமுறையையும் நான் அட்டவணை இல்லாமல் ஏற்க மாட்டேன். இடப்பக்கம் நிலைகள்: காலி, அனுப்பியது, பதிலுக்குக் காத்திருப்பது, முடிந்தது. மேலே நிகழ்வுகள்: பதில் வந்தது, நேரம் தீர்ந்தது, இணைப்பு அறுந்தது, பேட்டரி மாற்றினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்வது, அடுத்து எந்த நிலை என்று எழுத வேண்டும். நிரப்ப முடியாமல் காலியாக நிற்கும் கட்டம்தான் நாளைய தகராறு. 'முடிந்தது' நிலையில் இருக்கும்போது தாமதமாக இன்னொரு பதில் வந்தால்? உரைநடையில் இந்தக் கேள்வி எழவே எழாது, அட்டவணையில் கட்டம் வாயைத் திறந்து நிற்கும்.

இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளில் ஒன்றான டிசிபிக்கு 11 நிலைகள். 1981இல் வந்த ஆர்எஃப்சி 793இன் நிலைப் படம் பாடப்புத்தகங்களிலெல்லாம் இருக்கிறது. அந்தப் படத்தின் பக்கத்திலேயே இது சுருக்கம் மட்டும், முழு ஸ்பெக் என்று கொள்ளக் கூடாது என்று எச்சரிக்கையும் இருக்கிறது. படம் போட்டால் அழகாக இருக்கும். கட்டங்களை நிரப்ப வைப்பது அட்டவணைதான்.

இதற்கும் மேலே ஒரு படி: கணினி அறிஞர் லெஸ்லி லம்போர்ட்டின் டிஎல்ஏ பிளஸ் போன்ற மொழியில் மாடல் (நெறிமுறையின் கணித வடிவம்) எழுதி, செய்தி தொலைந்தாலும் இரட்டித்தாலும் வரிசை மாறினாலும் 'ஒரு சீட்டு ஒருமுறைதான் பதிவாகும்' என்ற நிபந்தனை நிற்கிறதா என்று கணினியை வைத்து அலசலாம். அமேசானின் கிளவுட் பிரிவுப் பொறியாளர்கள் 2011 முதல் இப்படிச் செய்கிறார்கள். நம் உதாரணத்தில் கருவியின் நினைவகம் அழிந்து சீட்டு எண் மறுபடி 1இலிருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்பதை மாடல் காட்டிக்கொடுக்கும்: புதுச் சீட்டைப் பழையது என்று நினைத்து சர்வர் தள்ளிவிடும், ஆனால் 'கிடைத்தது' என்று பதிலும் சொல்லிவிடும். மேலே எழுதிய ச-16ஐ இன்னொருமுறை படித்துப் பாருங்கள். வரி சுத்தமாக இருக்கிறது, ஓட்டையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

செலவு? மாடல் எழுதக் கற்க வாரங்கள் பிடிக்கும். மாடல் சரி என்பதால் கோட் சரி ஆகிவிடாது. எழுதிய தம்பி கோலாலம்பூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டால் அதைத் தொட ஆளிருக்காது. சின்னக் குழுவுக்கு அட்டவணை போதும். ஒரு பிழை யாராவது ஒருவருடைய கூலியில் கைவைக்கும் இடத்துக்கு மட்டும், அந்தத் துண்டுக்கு மட்டும், மாடல் எழுதலாம்.

## வழி 4: கோடே ஸ்பெக்

"ஓடுற கோட் இருக்கு, அதைப் பார்த்து எழுதிக்கட்டும்." ஐஇடிஎஃப் காரர்களே ஓடும் நிரலை நம்புவோம் என்றவர்கள்தானே என்று வாதாடுவார்கள். டேவிட் கிளார்க் 1992இல் சொன்ன அந்தப் பேர்போன வாசகம் ஒத்த கருத்தையும் ஓடும் நிரலையும் சேர்த்தே சொல்கிறது, ஸ்பெக் வேண்டாம் என்று சொல்லவில்லை. இணையத் தரம் என்ற உச்சப் படிக்கு ஏற, தனித்தனியாக எழுதி ஒத்துப்போகும் குறைந்தது இரண்டு நிரல்கள் வேண்டும் என்பது ஐஇடிஎஃப் விதி. ஒரே நிரல் தன்னோடு ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது.

கோடை மட்டும் கொடுத்தால், எது நினைத்துச் செய்தது, எது தற்செயல் என்று படிப்பவருக்குத் தெரியாது. கருவி குலை எண்ணிக்கையை எப்போதும் நான்கு இலக்கமாக அனுப்புகிறது என்றால், அது விதியா, எழுதியவரின் பழக்கமா? தராசுக்காரர் விதி என்று எடுத்துக்கொள்வார். அன்றே அது விதியாகிவிடும்.

கருவியும் சர்வரும் ஒரே குழுவின் கையில், இரண்டையும் ஒரே நாளில் மாற்ற முடியும், வெளியாள் எவரும் இல்லை என்றால் இந்த வழி நியாயமானது. முதல் மாதத்து முன்னோட்டத்துக்கும் நியாயமானது. வெளியாள் ஒருவர் வந்த நாளிலிருந்து அதன் விலை ஏறத் தொடங்கும்.

## எந்த வழியானாலும்: பைட் உதாரணங்கள்

இதைத் தனி வழியாகச் சேர்க்கவில்லை. எதோடும் கூட வர வேண்டியது. உள்ளீடு இது, கம்பியில் போகும் பைட்கள் இவை, விடை இது என்று முழுதாகக் கொடுப்பது. எச்டிடிபி 2இன் தலைப்புச் சுருக்க முறையான எச்பேக் (ஆர்எஃப்சி 7541) ஒரு பின்னிணைப்பு முழுக்க இதைச் செய்கிறது. இணையத் தொடர்பை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3க்கு உதாரணங்களுக்கென்றே ஆர்எஃப்சி 8448 என்று ஓர் ஆவணம் 2019இல் வந்தது.

ஏன் இவ்வளவு பாடு? பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்ணுக்கு ஸ்பெக்கில் 'சிஆர்சி-16' என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தவர்களைக் கேளுங்கள். அந்தப் பெயரில் பல கணக்குகள் இருக்கின்றன. 123456789 என்ற ஒன்பது எழுத்தையும் கொடுத்தால் மாட்பஸ் வகை 19255 தரும், எக்ஸ்மோடம் வகை 12739 தரும், சிசிஐடிடி ஃபால்ஸ் என்று புழங்கும் வகை 10673 தரும். மூன்று பக்க விளக்கத்தைவிட இந்த மூன்று எண்ணில் ஒன்றை எழுதுவது மேல்.

நேரமும் அப்படித்தான். பிளாட்பாரத்தில் காலை 7:30க்குக் குலை எண்ணுகிறார்கள். அது யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) முந்தின நாள் இரவு 11:30. மாத முதல் தேதியன்று யூடிசியில், நேர மண்டலம் குறிக்காமல் அனுப்பிய சீட்டு போன மாதக் கணக்கில் போய் உட்காரும். ஆர்எஃப்சி 3339 முறையில் +08:00 சேர்த்து எழுதச் சொல்லி, முதல் தேதி காலை 7:30க்கு ஓர் உதாரணமும் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. நல்ல உதாரணங்களோடு கெட்டவையும் வேண்டும்: இந்த பைட்களைச் சர்வர் ஏற்கக் கூடாது, இந்தப் பிழை எண்ணைத் திருப்ப வேண்டும் என்று.

இங்கே ஒரு பழைய வாக்குவாதம் குறுக்கே வரும். அனுப்புவதில் கறாராக இரு, ஏற்பதில் தாராளமாக இரு என்பது ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 793இல் எழுதிய கொள்கை. கேட்க இதமாக இருக்கும். தாராளமாக ஏற்று ஏற்று, தப்பான நிரல்களே நடைமுறை ஆகிவிடுகின்றன என்று 2023இல் வந்த ஆர்எஃப்சி 9413 விரிவாகச் சொல்கிறது. நான் பின்னதன் கட்சி. கூலிக் கணக்கில் தாராளத்துக்கு இடமில்லை. கெட்ட சீட்டைச் சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பட்டும்.

## ஒரே பார்வையில்

| | எண் போட்ட உரைநடை | ஸ்கீமா | நிலை அட்டவணை / மாடல் | கோட் மட்டும் |
|---|---|---|---|---|
| அறிமுகமில்லாதவர் சோதனை எழுத | முடியும், வாக்கியம் கறாராக இருந்தால் | வடிவத்துக்கு மட்டும் | நடத்தைக்கு மிக நன்று | ஊகம்தான் |
| கெட்ட பாக்கெட் | எழுதினால் உண்டு | வடிவப் பிழைகள் தானாக | காலிக் கட்டம் காட்டும் | கோட் செய்வதே விதி |
| படிப்பவர் | எல்லாரும் | நிரலாளர் | அட்டவணை எல்லாரும், மாடல் வெகு சிலர் | அந்த மொழி தெரிந்தவர் |
| திருத்தச் செலவு | நடுத்தரம் | குறைவு | அட்டவணைக்குக் குறைவு, மாடலுக்கு அதிகம் | முதலில் குறைவு, பிறகு அதிகம் |
| மறைந்த செலவு | தயங்கிப் போட்ட 'ஷுட்'கள் | நடத்தையை எழுத மறப்பது | தெரிந்த ஆள் போய்விடுவது | பிழை விதியாவது |

## அப்படியானால் யாருக்கு எது

கேட்ட தம்பிகளின் நிலை இது: இரு குழு, வெவ்வேறு ஊர், நடுவில் கூலிக் கணக்கு. அவர்களுக்கு எண் போட்ட உரைநடைதான் முதுகெலும்பு. அதோடு ஒரு பக்க நிலை அட்டவணை, இருபது முப்பது பைட் உதாரணங்கள். சீட்டு ஜேசனில் போவதாக இருந்தால் சிடிடிஎல்லோ வேறு ஸ்கீமாவோ சேர்க்கலாம். நிலையான நீளமுள்ள பைனரி என்றால் ஒரு பைட் அட்டவணையே போதும், அதற்கு ஸ்கீமா மொழி கற்பது வீண் வேலை.

வடிகாலில் நீர்மட்டம் மட்டும் அனுப்பும் சென்சார், பதிலே தேவையில்லை, ஒன்று தொலைந்தால் அடுத்தது வரும் என்றால், ஸ்கீமாவும் உதாரணங்களும் போதும். நிலை அட்டவணைக்கு அங்கே வேலை இல்லை.

பல தோட்டங்கள், பல தயாரிப்பாளர்கள் ஒரே நெறிமுறைக்கு வரப் போகிறார்கள் என்றால் நாலும் வேண்டும். கோடும்தான், ஆனால் ஒத்துப்பார்க்கும் சோதனைக் கருவியாக, ஸ்பெக்காக அல்ல.

எதை எடுத்தாலும் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: உரைநடையும் ஸ்கீமாவும் உதாரணமும் முரண்பட்டால் எது செல்லும் என்று. பெரிய ஆவணங்களில் வழக்கமாக உரைநடை செல்லும், உதாரணம் விளக்கம் மட்டும். இரண்டு சின்னக் குழுக்களுக்கு நான் இதைத் தலைகீழாக்கச் சொல்வேன். இரு தரப்பும் உண்மையில் ஓட்டிப் பார்ப்பது உதாரணத்தை, உரைநடையைத் திரும்பிப் படிப்பது தகராறு வந்த பிறகுதான். எது செல்லும் என்பதைத் தராசுக்காரரோடு பேசி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அதற்கும் ஓர் எண் கொடுங்கள்: ச-1.